ஒரு வாரம்தான் லண்டன்... கையில் ஒன்றரை வயசுக் குழந்தை! எப்படிச் சமாளிப்பது?

தம்பிக்கு ஜூலையில் லண்டனில் பட்டமளிப்பு விழா. ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு ஐந்தே நாள். முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறைச் சேர்த்தால் ஒன்பது நாள். வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. ``இவ்ளோ சின்னப் புள்ளைய தூக்கிக்கிட்டு அவ்ளோ தூரமா?'' என்று மாமியார் ஒரு பக்கம். ``அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா கிளம்பு'' என்று ஃப்ரெண்ட்ஸ் இன்னொரு பக்கம்.

இந்த இரண்டு பேச்சையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். குழந்தையோடு விமானம் ஏறுவது இப்போது பல வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. ஆனால், `தூரமும் அதிகம், நாள்களும் குறைவு' என்ற இந்தக் கூட்டணிக்குத் தனியான சிக்கல் ஒன்று இருக்கிறது. கொழும்புக்குப் போனால் நேர வித்தியாசமே கிடையாது. சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரம்தான். அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போகும் தாத்தா, பாட்டிக்கு உடம்பு பழக நிறைய நாள் இருக்கிறது. ஒரு வாரம் மட்டும் லண்டன் போகும் குழந்தைக்கோ, அந்த ஊர் நேரம் பழகி முடிக்கும்போது திரும்பி வர செக்-இன் செய்துகொண்டிருப்பீர்கள்.

அதனால் குழந்தையை முழுசாக லண்டன் நேரத்துக்கு மாற்றப் போராட வேண்டாம். பாதி வழி மாற்றினால் போதும். டிக்கெட், ஹோட்டல், விழாவுக்குப் போகும் நேரம் எல்லாவற்றையும் இந்தப் `பாதி'யை வைத்துத் திட்டமிட்டால் பயணம் நிஜமாகவே சுலபமாகும். எப்படி என்று பார்ப்போம்.

ராத்திரி இரண்டரைக்கு விடியும்!

நம் மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது தூங்கணும், எப்போது பசிக்கணும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். ஊர் மாறினால் உடனே மாறிவிடாது. தோராயமாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் மெதுவாக நகரும். மேற்குப் பக்கம் போகும்போது கொஞ்சம் சுலபமாகவும், கிழக்குப் பக்கம் வரும்போது கஷ்டமாகவும் இருக்கும். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், சீக்கிரமாக வரவழைப்பது கஷ்டம். காரணம் அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் போடுவோம். ஜூலையில் லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம். உங்கள் குழந்தை சென்னையில் இரவு 9 மணிக்குத் தூங்கி, காலை 7 மணிக்கு எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் போன முதல் நாள் அதற்கு மாலை 4.30-க்கே கண் சொக்கும். ராத்திரி 2.30-க்கு எழுந்து உட்கார்ந்து, ``பந்து'' என்று கேட்கும். அது அடம் இல்லை. அதன் கணக்கில் அப்போது காலை 7 மணி!

முழுசாக மாற நாலு, ஐந்து நாள் ஆகும். நீங்கள் அங்கே தங்குவதே ஆறு இரவுகள்தான். கஷ்டப்பட்டு மாற்றிய அத்தனையையும் சென்னையில் இறங்கியதும் தலைகீழாக மாற்றணும். அதுவும் கஷ்டமான கிழக்குத் திசையில்.

பாதி வழி என்றால் இப்படி: லண்டன் நேரப்படி இரவு 7 மணிக்குத் தூக்கம், காலை 5 மணிக்கு விழிப்பு. இதற்குக் குழந்தையின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் நகர்ந்தால் போதும். இரண்டு, மூன்று நாளில் வந்துவிடும். சென்னையில் மதியம் 1 மணிக்குப் போடும் குட்டித் தூக்கம், அங்கே காலை 11 மணி வாக்கில் வரும். ஆக, காலை 6 முதல் 10.30 வரை ஒரு உற்சாக நேரம். மதியம் 1 முதல் மாலை 6 வரை இன்னொரு உற்சாக நேரம். ஊர் சுற்றுவது, போட்டோ எடுப்பது, உறவினர் வீட்டுக்குப் போவது எல்லாம் இந்த இரண்டு இடைவெளிக்குள் அடங்கணும்.

பட்டமளிப்பு விழா மதியம் 3 மணிக்கா? பிரமாதம், குடும்பத்தோடு போங்கள். காலை 11 மணிக்கா? ஸ்ட்ரோலரில் தூங்க வைத்து, வெளியே போக வசதியாகக் கடைசி வரிசையில் உட்காருங்கள். இரவு 8 மணிக்கு டின்னரா? அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் போவதுதான் எல்லோருக்கும் நல்லது. யார் போவது என்பதைச் சென்னையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி வழிக்கு எப்படிக் கொண்டுவருவது?

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஆரம்பிக்கலாம். தினமும் அரை மணி நேரம் தூக்கத்தைத் தள்ளுங்கள். 9 மணி 9.30 ஆகட்டும், மறுநாள் 10 ஆகட்டும். அதிகம் வேண்டாம். கிளம்பும் முன்பே தூக்கம் கெட்டால், விமானத்தில் உங்களுக்குத்தான் கஷ்டம்.

லண்டனில் இறங்கிய நாளில் மாலை வெளிச்சம்தான் பெரிய உதவி. ஜூலையில் அங்கே சூரியன் மறையவே இரவு 9 மணி தாண்டிவிடும். 4.30-க்குக் கண் சொக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மாலை வெளிச்சம் மூளையின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். முதல் நாள் 5.30, மறுநாள் 6.30, மூன்றாம் நாள் 7 என்று வந்தாலே வெற்றி. நடுவில் தாங்க முடியாமல் தூங்கினால் முக்கால் மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள்.

அதே வெளிச்சம் காலையில் எதிரி. ஜூலையில் 5 மணிக்கே அங்கே விடிந்துவிடும். ஜன்னலில் மெல்லிய திரை மட்டும் இருந்தால் குழந்தை சூரியனோடு சேர்ந்து எழும். வெளிச்சத்தை மறைக்கும் கனமான திரை இருக்கிறதா என்று அறை புக் செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால், ஒரு கறுப்புத் துணியும் டேப்பும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி 3 மணிக்கு எழுந்தால் பெரிய லைட், போன், டி.வி எதுவும் வேண்டாம். பசித்தால் பால் கொடுங்கள், மெதுவாகப் பேசுங்கள், இருட்டிலேயே வைத்திருங்கள். `இது ராத்திரி' என்று அதன் உடம்புக்குச் சொல்ல நம் கையில் இருக்கும் வழி இதுதான்.

டிசம்பரில் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மாலை 4 மணிக்கே அங்கே இருட்டிவிடும். வெளிச்சம் வேண்டுமென்றால் மதியமே வெளியே போய்விடணும்.

1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை, பகல் தூக்கத்தையும் சேர்த்து. பயணத்தில் எந்த நேரத்துக்குத் தூங்கினாலும் மொத்தக் கணக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கையில் எப்போதும் பிடித்திருக்கும் போர்வை, வழக்கமான தாலாட்டு, வீட்டில் போடும் அதே நைட் டிரஸ்... இதெல்லாம் புது அறையிலும் `இது தூங்கும் இடம்' என்று குழந்தைக்குப் புரியவைக்கும்.

டிக்கெட்டுக்கு முன்னாடி பேப்பர் வேலை

கைக்குழந்தையாக இருந்தாலும் தனி பாஸ்போர்ட் வேணும். அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட `அனெக்ஷர்-டி' படிவம் இதற்கு முக்கியம். சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும் என்பதால், மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே எடுத்தது இருந்தாலும் தேதியைப் பாருங்கள்.

பிரிட்டன் விசாவும் குழந்தைக்குத் தனியாகத்தான். குழந்தை என்று கட்டணத்தில் சலுகை கிடையாது. 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கைரேகை எடுக்க மாட்டார்கள். ஆனால் போட்டோவுக்காக விசா மையத்துக்கு நேரில் கூட்டிப்போகணும். தூங்கும் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடாதீர்கள்.

அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் அழைத்துப் போகிறார் என்றால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கணும். பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிட்டு இமிகிரேஷனில் தேடக் கூடாது.

மடியா, சீட்டா?

2 வயது ஆகாத குழந்தைக்கு விமானத்தில் தனி சீட் கட்டாயம் இல்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம். சர்வதேசப் பயணத்தில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவிகிதமும் வரிகளும் வாங்குவார்கள். 2-வது பிறந்தநாள் தாண்டினால் தனி டிக்கெட் எடுத்தாகணும். இதில் பலரும் கவனிக்காதது ஒன்று: போகும்போது வயது 23 மாதம், லண்டனிலேயே கேக் வெட்டுகிறீர்கள் என்றால், திரும்பி வரும் விமானத்தில் குழந்தைக்கு சீட் வேணும்!

`தொட்டில் கிடைக்குமே' என்று நம்பி மடி டிக்கெட் எடுக்காதீர்கள். விமானத்தில் முன்சுவரில் மாட்டும் அந்தத் தொட்டிலுக்கு எடை வரம்பு உண்டு. பல நிறுவனங்களில் 10, 11 கிலோதான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எடை சரியாக இருந்தாலும் கால் வெளியே வந்துவிடும். உங்கள் விமான நிறுவனத்தின் வரம்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் என்றால் ஏறக்குறைய பத்து, பதினோரு மணி நேரம். அவ்வளவு நேரம் பத்து கிலோவை மடியில் வைத்திருக்க முடியுமா என்று யோசியுங்கள். பணம் இடம் கொடுத்தால் தனி சீட் எடுப்பது நல்லது. விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைப்பதுதான் பாதுகாப்பு. விமானம் குலுங்கும்போது கையால் மட்டும் பிடித்து வைப்பது கஷ்டம். மடியில்தான் என்றால், அவர்கள் கொடுக்கும் குழந்தைக்கான பெல்ட்டை உங்கள் பெல்ட்டோடு கோத்துப் போடுங்கள். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டக் கூடாது.

நேரடி விமானமா, துபாய் அல்லது தோஹாவில் மாறுவதா? மாறும் விமானம் பெரும்பாலும் விலை குறைவு. நடுவில் குழந்தை ஓடி விளையாட இடமும் கிடைக்கும். ஆனால் தூக்கம் இரண்டாக உடையும், மொத்த நேரமும் கூடும். ஒரு மாதம் போகிறவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். ஆறு இரவுக்குப் போகிறவர்களுக்கு அரை நாள்கூடப் பெரிய இழப்பு. அதனால் குறுகிய பயணத்துக்கு முடிந்தவரை நேரடி விமானம். திருச்சி, மதுரை, கோவையிலிருந்து கிளம்புகிறவர்கள் எப்படியும் ஓரிடத்தில் மாறணும். அங்கே ஒரு மணி நேரத்தில் ஓடிப் பிடிக்கும் டிக்கெட் வேண்டாம். மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

மேலே பறக்கும்போது...

விமானம் இறங்க ஆரம்பித்ததும் குழந்தைகள் வீறிட்டு அழுவதைப் பார்த்திருப்பீர்கள். காதின் உள்ளே நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் மாறும்போது, இந்தக் குழாய் திறந்தால்தான் காதின் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகும். சின்னக் குழந்தைகளுக்கு அது குறுகலாக இருப்பதால் சட்டென்று திறக்காது. எச்சில் விழுங்கினால் திறக்கும். நாம் கொட்டாவி விட்டுச் சமாளிப்போம், அதற்குத் தெரியாது.

தீர்வு எளிது. தாய்ப்பால், புட்டிப்பால், தண்ணீர் எதையாவது உறிஞ்சி விழுங்க வையுங்கள். தரை இறங்குவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே விமானம் கீழே வர ஆரம்பித்துவிடும். `தூங்குதே, இருக்கட்டும்' என்று விடாமல் அப்போது எழுப்பிக் கொடுப்பது நல்லது. சளி, காது வலி, காதில் சீழ் ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டாமல் விமானம் ஏற்ற வேண்டாம்.

விமானத்துக்குள் காற்று ரொம்ப வறட்சியாக இருக்கும். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். கைப்பையில் திரவம் 100 மி.லி தாண்டக் கூடாது என்ற விதி குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் தளர்த்தப்படும். பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம், பரிசோதனையில் தனியாக எடுத்துக் காட்டணும். இட்லி, சப்பாத்தித் துண்டுகள், வாழைப்பழம் என்று கையில் பிடித்துச் சாப்பிடும் உணவே நல்லது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை வேண்டாம், தொண்டையில் சிக்கும். தயிர்சாதம் கொண்டுபோனால் விமானத்திலேயே முடித்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பால், தயிர், பன்னீர் போன்ற பால் பொருள்களையும் இறைச்சியையும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. ஃப்ரிட்ஜில் வைக்கத் தேவையில்லாத, கம்பெனி பேக்கிங்கில் உள்ள குழந்தைப் பால் பவுடருக்கும் குழந்தை உணவுக்கும் மட்டும் 2 கிலோ வரை விலக்கு உண்டு.

குழந்தை மடியில் இருக்கும்போது சூடான டீ, காபி வாங்கவே வாங்காதீர்கள். ஒரு கை நீட்டினால் போதும், கொட்டிவிடும்.

டயப்பர் கணக்கு: வீட்டுக் கதவிலிருந்து ஹோட்டல் கதவு வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே நாலு. குழந்தைக்கு இரண்டு செட் டிரஸ். உங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு டி-ஷர்ட். வாந்தி எப்போதும் அம்மாவின் மேல்தான் விழும்!

விளையாட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்துக் கொட்டாதீர்கள். ஸ்டிக்கர், மூடி திறந்து மூடும் டப்பா, கலர் பென்சில் என்று முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றாக வெளியே வரட்டும். இவ்வளவு செய்தும் அழுதால்? அழட்டும். பக்கத்து சீட்காரர் முறைத்தால் ஒரு `ஸாரி' சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நாலு நடை நடங்கள். குழந்தை அழுவது உங்கள் வளர்ப்பின் குறை கிடையாது.

அந்தத் தூக்க சிரப் வேண்டவே வேண்டாம்!

இதைத் தனியாகவே சொல்லணும். `கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மூடி சளி மருந்து கொடுத்துடு, லண்டன் வரைக்கும் தூங்கும்' என்ற அட்வைஸ் எல்லா வீட்டிலும் ஒருவரிடமிருந்து வரும். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் ஆபத்தான அட்வைஸ்.

தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்துகள் சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, பத்து மணி நேரமும் துள்ள வைக்கும். அதைவிடப் பயங்கரமானது, மூச்சு மந்தமாவது. `ப்ரோமெத்தசின்' என்ற மருந்தை 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சு அடங்கி உயிரே போகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2004-லேயே கடுமையான எச்சரிக்கை கொடுத்துவிட்டது. 35,000 அடி உயரத்தில் மூச்சுத் திணறினால் உதவி உடனே கிடைக்காது. தூங்க வைக்க என்று எந்த மருந்தையும் உங்கள் குழந்தை நல டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

மருந்துப் பையில் ஒரு எச்சரிக்கை

காய்ச்சலுக்கான பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ், டாக்டர் வழக்கமாக எழுதும் மருந்துகள், மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டையின் போட்டோ... இவ்வளவு போதும். ஆனால் பாரசிட்டமாலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி-யில் 100 மி.கி மருந்து இருக்கும். பிரிட்டனில் குழந்தைகளுக்கு விற்கும் சிரப்பில் 5 மி.லி-யில் 120 மி.கி. அங்கே வாங்கிய பாட்டிலில் `5 மி.லி' என்று படித்துவிட்டு, இங்கிருந்து கொண்டுபோன சொட்டு மருந்தில் 5 மி.லி ஊற்றினால் அது 500 மி.கி. நாலு மடங்குக்கும் மேல்! குழந்தையின் எடைக்கு எத்தனை மி.கி என்று டாக்டரிடம் எழுதி வாங்கி, போனில் சேமித்து வையுங்கள். இரண்டு வகையும் பையில் கலந்து இருக்க வேண்டாம்.

டிராவல் இன்ஷூரன்ஸில் குழந்தையின் பெயரும் இருக்கணும். பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குச் சுற்றுலாப் பயணிகளிடமும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் உள்ளே அட்மிட் செய்தால், வழக்கமான செலவில் 150 சதவிகிதம் வரை பில் வரும். அவசரம் என்றால் 999. `இது அவசரமா, இல்லையா' என்று குழப்பம் என்றால் 111. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

இறங்கியதும் காரில் ஏறும் முன்...

தம்பியின் ஃப்ரெண்ட் கார் எடுத்துக்கொண்டு விமான நிலையம் வருகிறார் என்றால், முதலில் கேட்க வேண்டியது: ``குழந்தை சீட் இருக்கா?'' பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ உயரம் வரும்வரை, காரில் குழந்தைகளுக்கான இருக்கை கட்டாயம். மீறினால் 500 பவுண்டு வரை அபராதம். மடியில் வைத்துப் போவது அங்கே நடக்காது. லைசென்ஸ் உள்ள டாக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு. இருக்கை இல்லையென்றால் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை பின் சீட்டில் அப்படியே போகலாம். சட்டம் அனுமதித்தாலும், முன்பதிவின்போதே இருக்கையோடு வண்டி கேட்பதுதான் பாதுகாப்பு.

பஸ், மெட்ரோ எல்லாவற்றிலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லண்டனில் டிக்கெட் இல்லை. ஆனால் பழைய மெட்ரோ ஸ்டேஷன்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. ஸ்ட்ரோலரோடு மாடிப்படி ஏறும் கஷ்டம் வேண்டாம் என்றால், லிஃப்ட் உள்ள ஸ்டேஷன்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். இல்லையென்றால் பஸ். சிவப்பு மாடி பஸ்ஸே குழந்தைக்குப் பெரிய வேடிக்கை.

ஒரு நாளைக்கு ஒரு இடம். அதற்கு மேல் போட்டால் இரண்டாவது இடத்தில் எடுக்கும் எல்லா போட்டோவிலும் குழந்தை அழுதுகொண்டிருக்கும். செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் வாத்துகளும் கூழைக்கடாக்களும் இருக்கின்றன. நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தின் நிரந்தரக் காட்சிகளுக்கு டிக்கெட் இல்லை, அங்கே டைனோசர் எலும்புக்கூடுகள் உண்டு. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி பக்கம் தமிழர் கடைகளில் இட்லி மாவே கிடைக்கும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால், காலை 5 மணிக்குப் பசிக்கும் குழந்தைக்கு இட்லி ஊற்றிவிடலாம்.

ராத்திரி 3 மணி யாருடையது?

இப்படிப்பட்ட பயணங்களில் சண்டை வருவது பெரும்பாலும் ராத்திரியில்தான். குழந்தை எழும், அம்மாவும் எழுவார். அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். மறுநாள் விழாவில் ஒருவர் முகம் சிரிக்கும், இன்னொருவர் முகம் தூங்கி வழியும். இதைத் தவிர்க்க ஷிஃப்ட் போடுங்கள். நள்ளிரவு வரை ஒருவர், அதற்குப் பிறகு விடியும் வரை இன்னொருவர். விமானத்திலும் அதேபோல இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர். தன் ஷிஃப்ட் இல்லாதவர் நிஜமாகவே தூங்கணும், `அவருக்கு டயப்பர் மாத்தத் தெரியாது' என்று கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பால் கொடுப்பது மட்டும் அம்மா, மற்றதெல்லாம் அப்பா.

விட்டுட்டுப் போகலாமா?

கேட்கவே குற்ற உணர்ச்சியாக இருக்கும் கேள்வி. ஆனாலும் கேட்டுப் பார்க்கணும். இந்தப் பயணம் குழந்தைக்கு ஞாபகம் இருக்காது. இது உங்களுக்காகவும், தூரத்தில் இருக்கும் உறவுகளுக்காகவும் போகிற பயணம். அதில் தப்பில்லை. அம்மாச்சி வீட்டில் ஏற்கெனவே ராத்திரி தங்கிப் பழகிய குழந்தை, தாய்ப்பாலை நிறுத்தியாச்சு, பார்த்துக்கொள்ள உடம்பும் மனசும் தெம்பாக இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால், விட்டுவிட்டுப் போவதும் நல்ல முடிவுதான். பயணத்துக்கு முன்பு இரண்டு வார இறுதிகளில் அங்கே தங்க வைத்து ஒத்திகை பாருங்கள். ஒரு ராத்திரிகூடப் பிரிந்ததே இல்லை என்றால், முதல் பிரிவே ஒரு வாரமாக இருக்க வேண்டாம். அப்படி இருந்தால் அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் போய் வரலாம். எந்த முடிவு எடுத்தாலும், சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

திரும்பி வந்ததும்...

ஞாயிறு ராத்திரி இறங்கி திங்கள் காலை ஆபீஸ் என்று டிக்கெட் போடாதீர்கள். வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை வந்து சேருங்கள். லண்டனில் ஒரு நாள் குறையும், பரவாயில்லை.

பாதி வழியில் நிறுத்தியதன் பலன் இங்கேதான் தெரியும். முழுசாக லண்டன் நேரத்துக்கு மாறிய குழந்தைக்குச் சென்னையில் இரவு ஒன்றரை மணிக்குத்தான் தூக்கம் வரும். உங்கள் குழந்தைக்கு 11.30-க்கே வந்துவிடும். மறுநாள் காலை 8 மணிக்கு எழுப்பி, மொட்டை மாடிக்குத் தூக்கிப் போங்கள். காலை வெயில் கடிகாரத்தை முன்னால் இழுக்கும். பகல் தூக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். மாலையில் விளக்கு வெளிச்சத்தைக் குறைத்து, தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். மூன்று, நாலு நாளில் பழைய 9 மணிக்குத் திரும்பிவிடும்.

அதுவரை அந்த வாரம் வீட்டில் விருந்தாளி வேண்டாம். லண்டன் சாக்லேட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்!